கடலுக்கடியில் கை ஓடவில்லை, பஸ்ஸில் தோள் வலித்தது

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்த 24 வயதுத் தம்பி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் தோட்டமும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கடிதத்தின் சுருக்கம் இதுதான்.

நிலாவெளியில் சுழியோடும் நிலையம் ஒன்றில் இரண்டு பருவமாக வேலை செய்கிறார். சிலிண்டர் சுமக்கப் போனவர், படிப்படியாகப் படித்து மீட்புச் சுழியோடிச் சான்றிதழ் வரை வந்துவிட்டார். இப்போது சுழியோடும் குழுவை வழிநடத்தும் டைவ்மாஸ்டர் ஆவதற்கான பயிற்சி. கடந்த ஆகஸ்டில் ஒரு நாள், அன்றைய மூன்றாவது முக்குளிப்பில், நான்கு விருந்தினர்களை அவரிடமே விட்டுவிட்டு மூத்த சுழியோடி படகில் இருந்துகொண்டார். 18 மீற்றர் ஆழம். கமெராவோடு வந்த வயதான வெளிநாட்டுக்காரர் ஒருவர் முருகைக்கல் மேல் வயிறு படியப் படுத்துப் படம் எடுத்தார். 'பார்த்துக்கொண்டே இருந்தேன் டொக்டர், கிட்டப் போகக் கை வரவில்லை' என்கிறார் தம்பி. அதே நேரம் ஒரு பெண் தன் காற்றுக் கேஜைக் காட்டினார். 40 பார், அதாவது சிலிண்டரில் காற்று குறைந்துவிட்டது. அது கண்ணில் பட்டது, மனதில் ஏறவில்லை. அவர் இரண்டாவது முறை காட்டிய பிறகே தம்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டு வேகமாக மேலே வந்திருக்கிறார். நடுவில் எங்கும் நிற்கவில்லை. மற்ற மூவரும் பின்னால் தாங்களாக ஏறி வந்தார்கள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் படகில் எல்லோர் முன்னாலும் மூத்தவர், 'மலையில பிறந்தவனுக்குக் கடல் சரிவராது' என்றாராம்.

அவருடைய கேள்விகள் மூன்று. மலைநாட்டில் பிறந்ததால்தான் இப்படியா? என் மனம் பலவீனமானதா? கூட்டாளி ஒருவன் புரொப்பிரனலோல் என்ற மாத்திரை போட்டால் பதற்றம் வராது என்கிறான், போடலாமா?

கடைசிப் பக்கத்தில் இன்னும் சில வரிகள்: 'அன்று இரவே தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்காகப் பஸ் ஏறினேன். பஸ்ஸிலேயே வலது தோள் வலித்தது. சிலிண்டர் தூக்கியதால் இருக்கும். சித்தாலேப தேய்த்தேன், இரண்டு நாளில் சரியாகிவிட்டது.'

அன்புத் தம்பி,

நீங்கள் கேட்ட மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் கேள்வியாகக் கேட்காமல் போகிற போக்கில் எழுதிய அந்தத் தோள் வலியைப் படித்ததும் எனக்கு நெஞ்சு திக்கென்றது. அதை முதலில் பேசிவிடுவோம்.

மலை ஏறும் பஸ்

கண்டி தாண்டிப் பஸ் ஏற ஏற, கையில் இருக்கும் சிப்ஸ் பக்கற்று தானாக ஊதிப் புடைப்பதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்திருப்பீர்கள். கினிகத்தேனை ஏற்றத்தில் காது அடைக்கும். வெளியே காற்றழுத்தம் குறைகிறது, அவ்வளவுதான். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். உங்கள் தலவாக்கலை அதைவிடத் தாழ்வு என்றாலும் 1,200 மீற்றர் அளவில் இருக்கிறது.

இதற்கும் கடலுக்கும் என்ன தொடர்பு? 18 மீற்றர் ஆழத்தில் நீங்கள் சுவாசித்தது கரையில் இருப்பதைப் போல 2.8 மடங்கு அழுத்தமுள்ள காற்றை. அந்தக் காற்றிலுள்ள நைதரசன் இரத்தத்திலும் தசையிலும் கரைந்து தங்குகிறது. அன்று மூன்று முறை இறங்கியிருக்கிறீர்கள், மூன்று முறையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்திருக்கும். மெல்ல ஏறினால் அது மூச்சு வழியே அமைதியாக வெளியேறும். வேகமாக ஏறினால், சோடாப் போத்தலைச் சட்டென்று திறந்தது போல, உடம்புக்குள்ளேயே குமிழியாகும். அதனால் வருவதுதான் அழுத்தக் குறைவு நோய் (decompression sickness). நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மேல் ஏறக் கூடாது, 5 மீற்றரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும் என்று உங்களுக்குக் கற்றுக்கொடுத்தது இதனால்தான். அன்று அந்த நிறுத்தமும் இல்லை. அப்புறம் எட்டு மணி பஸ்ஸில் ஏறி, விடிவதற்கு முன் தலவாக்கலையில் இறங்கியிருக்கிறீர்கள். ஏற்கெனவே திறந்த போத்தலை இன்னும் கொஞ்சம் குலுக்கியது போல.

விமானத்தில் ஏறுவதற்கு முன் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பது சுழியோடிகள் எல்லோருக்கும் மனப்பாடம். ஒரே ஒரு முக்குளிப்பு என்றால் குறைந்தது 12 மணித்தியாலம். ஒரு நாளில் பலமுறை, அல்லது தொடர்ந்து பல நாள் என்றால் குறைந்தது 18. ஏற்றத்தில் கட்டாய நிறுத்தம் தேவைப்படும் முக்குளிப்புகளுக்கு அதைவிடவும் அதிகம். இந்தக் கணக்கு ஏறத்தாழ 600 முதல் 2,400 மீற்றர் உயரத்துக்குச் சமமான விமான அறை அழுத்தத்துக்காகப் போடப்பட்டது. நம்முடைய ஹற்றன், தலவாக்கலை, நுவரெலியா, அப்புத்தளை எல்லாமே அந்த வரம்புக்குள் வருகின்றன. மலைநாட்டுப் பிள்ளைக்கு வீட்டுக்குப் போகும் பஸ்ஸே விமானம். நிலையத்தில் இதை யாரும் உங்களுக்குச் சொல்லாததில் ஆச்சரியமில்லை. அங்கே வேலை செய்பவர்கள் பெரும்பாலும் கரையோரத்துக்காரர்கள். அவர்கள் வீட்டுக்குப் போவது சைக்கிளில்.

உங்கள் தோள் வலி குமிழியால் வந்ததா, சிலிண்டரால் வந்ததா என்று கடிதத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியாது. ஆனால் இந்த நோய் பெரும்பாலும் முதலில் தொடுவது தோளையும் முழங்கையையும்தான். பெரும்பாலும் 24 மணித்தியாலத்துக்குள் தெரிந்துவிடும். அதோடு உங்கள் வலி மலை ஏறும் வழியில் தொடங்கியிருக்கிறது. 'இரண்டு நாளில் போய்விட்டது, அப்படியானால் ஒன்றுமில்லை' என்று நீங்கள் எழுதியிருப்பதை நான் ஏற்க மாட்டேன். வலி தானாக அடங்குவதும் இந்த நோயின் சுபாவம்தான்.

அதனால் அடுத்த பருவத்துக்கு இறங்குவதற்கு முன் ஒரு மருத்துவரிடம் போய், நடந்ததை ஒளிக்காமல் சொல்லி, நரம்பு மண்டலப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கையில் மரத்துப்போவது, கால் தடுமாறுவது, சிறுநீர் கழிக்கச் சிரமம் என்று ஏதாவது இன்னும் இருந்தால் பருவத்துக்காகக் காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே போங்கள். இனிமேல் கடைசி முக்குளிப்புக்குப் பிறகு ஒரு முழு நாள் கரையில் தங்கிவிட்டு ஊருக்கு வாருங்கள். திருவிழாவோ, சாவு வீடோ, எதுவாக இருந்தாலும். அவசரமாகப் போக வேண்டி வரும் என்று முன்கூட்டித் தெரிந்தால் முந்திய நாள் தண்ணீரில் இறங்காதீர்கள்.

வழியில் மறுபடி வலியோ, மரத்துப்போவதோ, தலைசுற்றலோ வந்தால் மேலே ஏறாமல் பஸ்ஸிலிருந்து இறங்கிவிடுங்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். படுத்துக்கொள்ளுங்கள், ஒக்சிசன் கேளுங்கள். மருத்துவமனையில் வாயைத் திறந்ததும் முதல் வசனம் 'நான் இன்று கடலில் சுழியோடினேன்' என்பதாக இருக்கட்டும். மலையிலுள்ள ஒரு வைத்தியருக்குத் தோள் வலியைப் பார்த்ததும் கடல் ஞாபகம் வராது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மேலே எழுதியதோடு சேர்த்து இன்னொன்று. வரட்சியில் மவுசாக்கலை நீர்த்தேக்கம் வற்றும்போது அதில் மூழ்கிக் கிடக்கும் பழைய மஸ்கெலியாக் கோயில் வெளியே தெரிவதைப் பார்க்கக் கூட்டம் கூடும். நீர் நிறைந்திருக்கும்போது கீழே போய்ப் பார்க்கலாமா என்று நண்பர்கள் உங்களைக் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். கடல் மட்டத்திலிருந்து 300 மீற்றருக்கு மேல் உயரத்தில் உள்ள நீரில் இறங்குவதற்கே தனிக் கணக்கும் தனிப் பயிற்சியும் வேண்டும். மவுசாக்கலை 1,000 மீற்றருக்கு மேல். கலங்கிய தண்ணீர், இடிந்த சுவர், மின்சாரத்துக்காகத் தண்ணீர் இழுக்கும் அணை. அனுமதியும் இல்லாமல் அங்கே இறங்குவது விளையாட்டில்லை.

மலையில் பிறந்ததால்தானா?

இல்லை. அன்று உங்கள் கை ஓடாததற்கும் பிறந்த ஊருக்கும் சம்பந்தமில்லை. அந்த ஆழத்தில் உடம்புக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். கண்ணாடிக்குள் பக்கவாட்டுப் பார்வை குறுகிவிடுகிறது. பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் கால்வாசி கிட்டவும் தெரிகின்றன. சிவப்பு நிறம் முதல் சில மீற்றரிலேயே போய்விடும், 18 மீற்றரில் விரல் கீறினால் இரத்தம் பச்சையாகத் தெரியும். சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று காதுக்குப் பிடிபடாது. ஒரு மூச்சுக்குக் கரையில் செலவாகும் காற்றைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு செலவாகும். பயத்தில் மூச்சு வேகமாகவும் மேலோட்டமாகவும் வந்தால் கரியமில வாயு உள்ளே தேங்கி, 'மூச்சு முட்டுகிறது' என்ற உணர்வை அதுவே கிளப்பிவிடும். பயம் வந்ததால் மூச்சு முட்டுகிறதா, மூச்சு முட்டியதால் பயம் வந்ததா என்று பிரித்தறிய முடியாத இடம் அது.

உங்கள் அம்மா கொழுந்து கிள்ளுவதைப் பார்த்திருக்கிறீர்கள்தானே? இரண்டு இலையும் ஒரு மொட்டும் விரலுக்குத் தானாகத் தெரியும். கை கிள்ளிக்கொண்டிருக்க, வாய் பக்கத்து வரிசைக்காரியோடு பேசும், கண் காலடியில் அட்டையைப் பார்க்கும். புதிதாக மலைக்குப் போகும் பெண்ணால் அது முடியாது. ஒவ்வொரு கிளையையும் பார்த்துப் பார்த்துக் கிள்ளுவாள், யாராவது கூப்பிட்டால் கேட்காது. அவள் காதில் குறை இல்லை. கவனம் முழுவதும் விரலில் இருக்கிறது.

உங்களுக்கும் அன்று அதுதான் நடந்தது. நீரோட்டத்தில் ஒரே மட்டத்தில் மிதப்பது உங்களுக்கு இன்னும் விரலில் ஊறவில்லை. அதற்கே பாதிக் கவனம் போய்விட்டது. மீதியில் நான்கு பேர், ஒரு கமெரா, உடையும் முருகைக்கல், அதற்கு மேல் 40 பார். கேஜைக் கண் பார்த்தும் மனம் வாசிக்காதது பலவீனமில்லை தம்பி, இடம் போதவில்லை. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மோர்கன் சுழியோடிகளிடம் கேட்டபோது பாதிக்கு மேற்பட்டவர்கள் ஒரு தடவையாவது நீருக்கடியில் பதறியிருப்பதாகச் சொன்னார்கள். அவர்களில் எத்தனை பேர் மலையில் பிறந்திருக்கப் போகிறார்கள்?

பயிற்சியில் இருக்கும் ஒருவரிடம் நான்கு விருந்தினர்களைத் தனியே ஒப்படைத்துவிட்டு மேலே இருந்தவர், முதலில் தன்னைத்தான் கேட்டிருக்க வேண்டும். அதே சமயம் ஒன்றை நான் மழுப்ப மாட்டேன். அந்தப் பெண்ணை விரைவாக மேலே கொண்டுவந்தது அவருக்கும் ஆபத்தாக முடிந்திருக்கலாம். 40 பாரில் ஓடி ஏற வேண்டிய அவசரம் இல்லை. உங்கள் மாற்று ரெகியுலேட்டரை அவர் வாயில் கொடுத்து, மற்ற மூவரையும் சைகையால் சேர்த்துக்கொண்டு, எல்லோரும் ஒன்றாக மெல்ல ஏறியிருக்கலாம். இதை ஆழமில்லாத தண்ணீரில் இருபது முப்பது தடவை செய்து பாருங்கள், கை பழகட்டும். இறங்கியதிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை நீங்களே ஒவ்வொருவரிடமும் காற்றுக் கேளுங்கள். அவர்கள் காட்டும் வரை காத்திருந்தால் பிந்திவிடும்.

அந்த வெள்ளைக்காரரைத் தொட ஏன் கை வரவில்லை?

இதுதான் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் தொட்ட இடம். 'வயதானவர், வெள்ளைக்காரர், எப்படி டொக்டர் அவர் காலைப் பிடித்து இழுப்பது' என்று எழுதியிருக்கிறீர்கள். அது எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும், நானும் லயத்தில் பிறந்தவன். துரையின் ஜீப் வந்தால் பாதையோரம் ஒதுங்கி நின்ற தாத்தாக்களின் பேரப்பிள்ளைகள் நாம். முழுநாள் வேலைக்கு அரைப் பேர் (அரை நாள் சம்பளம்) போட்டதை ஏனென்று கேட்காமல் வீட்டுக்கு வந்து அழுத அம்மாக்களின் பிள்ளைகள். பெரியவர் தவறு செய்தால் கண்ணைத் தாழ்த்திக்கொள் என்பதை யாரும் நமக்குச் சொல்லித்தரவில்லை, பார்த்தே கற்றுக்கொண்டோம். 18 மீற்றர் ஆழத்திலும் அது கூடவே வந்திருக்கிறது. ஆனால் அந்தத் தண்ணீரில் அவர் துரை இல்லை, உங்கள் பொறுப்பில் இருந்த விருந்தினர்.

நீங்கள் குறுக்கிட்டால் பலன் உண்டு என்பதற்கு ஆதாரமும் இருக்கிறது. கரீபியனில் உள்ள சென் லூசியா தீவில் 353 சுழியோடிகளின் நடத்தையைப் பின்னாலேயே போய்ப் பார்த்து எழுதிய ஆய்வு 2004இல் வெளியானது. ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் ஒரு தடவையாவது முருகைக்கல்லில் பட்டார்கள், பெரும்பாலும் வேண்டுமென்று அல்லாமல், காலில் மாட்டிய ஃபின்ஸ் பட்டு. கமெரா வைத்திருந்தவர்கள் அதிகம் பட்டார்கள். படகில் வழமையான பேச்சோடு 'தொடாதீர்கள்' என்று ஒரு வசனம் சேர்த்துச் சொன்னதால் எந்த மாற்றமும் இல்லை. ஆனால் வழிகாட்டி நீருக்குள்ளேயே குறுக்கிட்டபோது, படுவது நிமிடத்துக்கு 0.3இலிருந்து 0.1 ஆகக் குறைந்தது. மூன்றில் ஒன்று.

எகிப்தின் ராஸ் முகம்மது தேசியப் பூங்காவில் செய்து 1997இல் வெளியான ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. அங்கே படம் காட்டி விளக்கி, தண்ணீரில் இறங்கி எது உயிருள்ள கல், எது வெறும் பாறை என்று செய்தும் காட்டினார்கள். அதற்குப் பிறகு ஏழு நிமிடத்தில் ஒருவர் 1.4 தடவை பட்டது 0.4 ஆகிவிட்டது. ஆக, சும்மா சொல்லிவிட்டுப் போவதும் காட்டிச் சொல்வதும் ஒன்றில்லை.

படகிலேயே சிரித்த முகத்தோடு சொல்லிவிடுங்கள்: 'உங்கள் ஃபின்ஸ் கல்லில் படப்போனால் நான் வந்து மெல்லத் தூக்கிவிடுவேன், கோபிக்காதீர்கள்.' கமெராக்காரரிடம் தனியாகச் சொல்லுங்கள், அவர் கண் திரையிலேயே இருக்கும், கால் எங்கே போகிறது என்று அவருக்குத் தெரியாது. உள்ளே போனதும் சிலிண்டரைத் தட்டுங்கள், கண்ணைப் பார்த்துக் கையசையுங்கள், கேட்காவிட்டால் அருகே போய் மிதப்பு அங்கியைப் பிடித்து ஒரு முழம் உயர்த்திவிடுங்கள். முன்பே சொல்லிவைத்ததால் அது மரியாதைக் குறைவாகத் தெரியாது. நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாமலைத் தீவு 2003இலிருந்து தேசியப் பூங்கா. முருகைக்கல்லும் கடலாமையும் வனசீவராசிகள், தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. உங்கள் குறுக்கீட்டுக்குப் பின்னால் சட்டமும் நிற்கிறது. மனிதத் தலை அளவு உருண்டைக் கல் ஒன்று வளர வருடக்கணக்காகும், வருடத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் வந்தாலே பெரிது. உடைவதற்கு ஒரு உதை போதும்.

அந்த மாத்திரை

வேண்டாம். புரொப்பிரனலோல் இதயத் துடிப்பு கூடுவதைத் தடுத்துப் பிடிக்கும். நீரோட்டத்தை எதிர்த்து நீந்த வேண்டி வந்தால் உடம்பு ஈடுகொடுக்காது. இழுப்பு உள்ளவருக்கு மூச்சுக்குழாய் இறுகும். நீரில் மூழ்கியிருக்கும்போது நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் ஆபத்தோடும் இந்த மருந்தைச் சேர்த்துப் பேசுகிறார்கள். தூக்கம் வரவைக்கும் மாத்திரைகள் இன்னும் மோசம். 30 மீற்றர் அளவில் நைதரசன் தானாகவே மூளையை மயக்கத் தொடங்கும், இரண்டும் சேர்ந்தால் என்ன செய்கிறோம் என்றே தெரியாது.

மூன்று மாதமாக இரவில் அதே காட்சி வருகிறது, தூக்கம் கெடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு மாத்திரையைவிடப் பேச்சுதான் மருந்து. ஆதார வைத்தியசாலைகளில் உளவளத்துணையாளர்கள் இருக்கிறார்கள். போக முடியாவிட்டால் தேசிய மனநல உதவி எண் 1926ஐ அழைக்கலாம்.

வேலையை விடுவதா?

விட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அடுத்த பருவம் சித்திரை, வைகாசியில் தொடங்கும்போது உரிமையாளரிடம் மூன்றைக் கேளுங்கள்: பயிற்சி முடியும் வரை தனியாகக் குழுவைக் கூட்டிப்போக மாட்டேன், முதல் இரண்டு வாரம் விருந்தினர் இல்லாமல் மிதப்புப் பயிற்சி வேண்டும், படகில் ஒக்சிசனும், குமிழி நோய்க்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை உள்ள இடத்தின் தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டும். மறுத்தால் வேறு நிலையம் பாருங்கள், மீட்புச் சான்றிதழ் உங்கள் பெயரில் இருக்கிறது. நியமனக் கடிதமும் ஊழியர் சேமலாப நிதியும் இல்லை என்றும் சொல்லியிருக்கிறீர்கள். பருவ வேலைதான் என்றாலும் உங்கள் பங்கு 8 வீதம், முதலாளி பங்கு 12 வீதம், அதோடு நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதம் கட்ட வேண்டும். திருகோணமலை தொழில் அலுவலகத்தில் இதைக் கேளுங்கள், சம்பளம் வந்ததற்கான வங்கிச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

மருத்துவரிடம் போகும்போது உங்கள் லொக் புத்தகத்தையும், கையில் கட்டும் டைவ் கணினியையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். அந்த ஆகஸ்ட் நாளின் மூன்று முக்குளிப்புகளின் ஆழமும் நேரமும், கரையேறிய நேரமும், பஸ் ஏறிய நேரமும், வலி தொடங்கிய இடமும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வலி தொடங்கியது கண்டிக்கு முன்னாலா, பின்னாலா என்று எழுதியிருக்கவில்லை. நன்றாக ஞாபகப்படுத்திப் பாருங்கள், பரிசோதிப்பவர் முதலில் கேட்கப்போவது அதுவாகத்தான் இருக்கும்.